பினாங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சென்ற விடுமுறையில் பினாங்குத் தீவிலுள்ள என் அத்தை வீட்டிற்குப் போய்ப் பத்து நாள் தங்கித் திரும்பினேன். விடுதிக்கு வந்து பெட்டியை இறக்கி வைக்குமுன்னரே நண்பர்கள் சூழ்ந்துகொண்டு கேட்ட முதற் கேள்வி, "எத்தனை இடம் பார்த்தாய்?" என்பதே. எண்ணிச் சொல்லத் தொடங்கினேன். எண்ணிக்கை ஏழைத் தாண்டவில்லை. "பத்து நாளில் ஏழுதானா! மலை இரயிலிலாவது ஏறினாயா?" என்றார் ஒருவர். இல்லை என்றேன். "பின் என்னதான் செய்தாய்?" "ஒரு நாள் முழுவதும் உண்டேன்; உலாவினேன்; உறங்கினேன்" என்றேன். யாவரும் நகைத்தனர். அந்நாள் ஞாயிற்றுக்கிழமை என்று அறிந்தபொழுது, அதுவரை நகையாதிருந்த நண்பரொருவர், குருத்துவப் பணியில் நாட்டமுடையவர், தலையை அசைத்து, "கர்த்தருடைய நாளைக் கடைத்தெருவிலா கழித்தாய்?" என்று வினவினார்.

நகைத்தவர்களுக்கும் வினவியவருக்கும் அன்று விடை கூற எனக்கு நா எழவில்லை. இச்சஞ்சிகையின் வாயிலாக இப்பொழுது கூற முயல்கின்றேன்.

பினாங்கு மலேசியாவின் வடமேற்குக் கரையை அடுத்த ஒரு தீவு. 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் அதனைக் கைக்கொண்டு, ஜார்ஜ் டவுன் என்னும் நகரை அமைத்தார். அந்நகரின் பழைய பகுதியை 2008இல் மலாக்கா நகருடன் சேர்த்து உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. ஆயினும் நம்மவர்க்கு அஃது என்றுமே முற்றும் அயலூராய் இருந்ததில்லை. 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் ரஜூலா என்னும் கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறக்கிவந்தது. என் மாமாவின் தந்தையார் அக்கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தே அக்கரை சேர்ந்தவர். என் அத்தை பாளையங்கோட்டையிலிருந்து அக்குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுப் போன காலத்தில் கப்பல் நின்று போயிருந்தது. அவள் வானூர்தியில் சில மணி நேரத்தில் போய்விட்டாள். ஊரை நினைத்து அழுவதற்குக்கூட வழியில் நேரமில்லை என்று இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

மாமா, பாயான் லெப்பாஸ் என்னும் இடத்திலுள்ள ஓர் ஆலையில் இயந்திரங்களின் பழுது பார்ப்பவர். வாரத்தில் ஆறு நாள் வேலை. ஞாயிறு ஒன்றே ஓய்வு. ஊரிலிருந்து புறப்படுமுன்பே நான் பதினான்கு இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றற்கும் நேரமும் வகுத்து, ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். சனிக்கிழமை இரவு அதனை அவரிடம் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை அணிந்து மேலிருந்து கீழ்வரை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "எழுத்து அழகாயிருக்கிறது, மருமகனே. நாளைக் காலையில் ஆராதனைக்குப் போவோம். பிறகு பசியாறுவோம். அதன் பிறகு பார்ப்போம்" என்றார். அவர் 'பார்ப்போம்' என்ற சொல்லை எப்பொருளில் வழங்கினாரென்று எனக்கு அப்பொழுது விளங்கவில்லை.

'பசியாறுதல்' என்ற சொல்லைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. அந்நாட்டுத் தமிழர் காலையுணவு கொள்வதை இச்சொல்லாற் குறிக்கின்றனர். நாம் இங்கே 'டிபன்' சாப்பிட்டுக்கொண்டிருக்க, கடல் கடந்து போனவர்கள் பசியாறிக்கொண்டிருக்கின்றனர்! தமிழ் பயிலும் மாணாக்கனாகிய எனக்கு இது சிறிது வெட்கத்தையும் தந்தது.

தமிழ் ஆராதனை காலை எட்டு மணிக்கு. நம்மூர்ப் பாமாலைகளே, நம்மூர் இராகங்களே. பாடுவது மட்டும் சற்று விரைவு. முடிந்ததும் பசியாறப் போனோம். தட்டையாக வீசி மடித்துச் சுட்ட ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, உயரத் தூக்கி ஆற்றி நுரை பொங்கும் 'தே தாரிக்' என்னும் பாற்றேநீர். இவற்றை உண்ண எவ்வளவு நேரமாகும்? எனக்குப் பத்து நிமிடம் போதும். மாமாவுக்கு ஒரு மணி நேரமாயிற்று. ஆராதனையிலிருந்து வந்த வேறு மூவர் எங்கள் மேசைக்கு வந்தனர். ஒருவர் மகளின் திருமணத்தைப் பற்றியும், மற்றொருவர் முழங்கால் நோவைப் பற்றியும் பேசினர். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லுகிறேன்: உள்ளூரச் சினமே கொண்டிருந்தேன். என் தாளின்படி அவ்வேளையில் நாங்கள் மலை இரயிலின் அடியில் நின்றிருக்கவேண்டும். 1923இல் ஓடத் தொடங்கிய இரயில் அது. அது மலைமேல் ஏறுவதைப் பற்றி நான் முன்கூட்டியே படித்து வைத்திருந்தேன்.

பின்னர் நடந்தோம். நகரின் பழைய பகுதியில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரைத் தாங்கிய ஒரு நீண்ட தெரு உண்டு. அதன் ஒரு கோடியில் அர்ச். ஜார்ஜ் ஆலயம், அதையடுத்துச் சீனருடைய கருணைத் தேவியின் கோயில், சற்றுத் தள்ளி, 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலின் பின்புறம், அப்பால், தமிழ் முஸ்லிம்களின் தலைவராயிருந்த காதர் முகையதீன் என்னும் வணிகர் 1801இல் நிறுவிய பள்ளிவாசல். அரை நாழிகை நடந்தால் ஊதுவத்திப் புகையும் மல்லிகை மணமும் மாறி மாறி வரும். அத்தையின் இளைய மகன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், "அத்தான், இங்கே யார் பண்டிகை வந்தாலும் எங்கள் பள்ளிக்கூடத்திற்கு விடுமுறை" என்று அத்தெருவின் பெருமையைத் தன் அளவில் விளக்கினான்.

என் கால்கள் நின்றது அர்ச். ஜார்ஜ் ஆலயத்தின் முன்னர். பச்சைப் புல்வெளியின் நடுவே வெள்ளை வெளேரென்ற சுவர்களும், முன்மண்டபத்தில் பருத்த தூண்களும், மேலே கூரிய கோபுரமுமாக அது நிற்கின்றது. ஹட்சிங்ஸ் என்னும் குருவானவரின் முயற்சியால் 1818இல் கட்டி முடிக்கப்பட்டது. 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் என்ற பள்ளியைத் தோற்றுவித்தவரும் அவரே. புல்வெளியில் லைட் துரையின் நினைவாக 1886இல் எழுப்பிய வட்ட மண்டபமொன்றும் உண்டு. கட்டியவர்கள் யார்? கம்பெனியார் நாடு கடத்திக் கொண்டுவந்த கைதிகள். பினாங்கு அக்காலத்தில் இந்தியக் கைதிகளை அனுப்பும் தீவுகளுள் ஒன்றாயிருந்தது.

இதைப் படித்த மாத்திரத்தில் என் நினைவு நம் தென்பாண்டி நாட்டிற்குத் திரும்பிற்று. 1801இல் மருது சகோதரரைத் தூக்கிலிட்ட பின்னர், 1802ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அப்போரில் பிடிபட்டோருள் எழுபதுக்கு மேற்பட்டவர்களைக் கம்பெனியார் தூத்துக்குடியில் கப்பலேற்றி இதே பினாங்கிற்கு அனுப்பினர். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அவர்களுள் ஒருவன். அப்பொழுது அவன் இளம் பிராயத்தினன். ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் கம்பெனிப் படைத்தலைவர், தமக்கு ஒரு காலத்தில் ஈட்டியெறியக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கின்றார். அதே வெல்ஷ் 1818இல் பினாங்கில் துரைசாமியைக் கண்டார். வயதுக்கு மீறிய மூப்போடு கண்டார். ஆலயம் கட்டி முடிந்ததும் அதே ஆண்டு. துரைசாமி அதற்குக் கல் சுமந்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அவனைப் போன்றோர் வாழ்ந்த ஊரில், அவர்களைப் போன்ற கைதிகளின் கைகளால் எழுந்த சுவர் அது. அதன் நிழலில் நின்று நான் இளைப்பாறினேன். இளைப்பாறுதல் என்பது எளிய செயலன்று என்ற எண்ணம் எனக்கு முதன்முதல் தோன்றியது அவ்விடத்திலேதான்.

மலை இரயிலில் ஏறப் போயிருந்தால் இவ்வளவு நேரம் அங்கே நின்றிருக்கமாட்டேன்.

நண்பகலில் நாசி காண்டார் உண்ணப் போனோம். மலாய் மொழியில் 'நாசி' என்பது சோறு. 'காண்டார்' என்பது தண்டின் இருபுறமும் சுமையைத் தொங்கவிட்டுத் தோளிற் சுமப்பது. தமிழ் முஸ்லிம்கள் ஒரு புறம் சோற்றுப் பானையும் மறு புறம் கறிப் பானையுமாகக் காவடி போலச் சுமந்து, துறைமுகக் கூலிகளுக்கு விற்று வந்த உணவு அது. இன்று அதற்குப் பளிங்குத் தரையும் மின்விசிறியும் வந்துவிட்டன. இரவும் பகலும் திறந்திருக்கும் கடைகள் பல. சோற்றின்மேல் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, மாட்டிறைச்சிக் குழம்பு என்று பலவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றச் சொல்லலாம். அதற்கு 'பஞ்சீர்' என்று பெயர். வெள்ளம் என்பது பொருள். நான் வெள்ளமே கேட்டேன், வருந்தவில்லை. வெண்டைக்காயையும் வறுத்த மீன்சினையையும் மாமா என் தட்டில் ஓயாது வைத்துக்கொண்டேயிருந்தார்.

இத்தகைய கடைகளை அங்கே எல்லா இனத்தவரும் 'மாமாக்' கடை என்கின்றனர். நம் 'மாமா' என்ற முறைப்பெயரே அது. கடைக்காரரை உறவு சொல்லி அழைத்த அழைப்பு, கடையின் பெயராகவே நிலைத்துவிட்டது! மலாய் மொழியிற் புகுந்த தமிழ்ச் சொற்களை நோக்குங்கால், கடை 'கெடாய்' ஆயிற்று, கப்பல் 'காப்பால்', கட்டில் 'காத்தில்', கறி 'காரி', ஆப்பம் 'ஆப்பாம்'. புலவர் கொண்டு சென்ற சொல் இவற்றில் ஒன்றுமில்லை. சுமந்தவரும் விற்றவரும் சமைத்தவரும் கொண்டு சென்றவை இவை. மொழியாராய்ச்சி செய்வோர் இக்கடைகளில் ஒரு வேளை உண்டு வருதல் நலம்.

எங்களுக்குப் பரிமாறிய இளைஞன் என்னை உற்று நோக்கி, "உங்களுக்கு எந்த ஊர்?" என்றான். சொன்னேன். தன் ஊர் இராமநாதபுரத்தை அடுத்தது என்றான். என் வயதே இருக்கும். "அங்கே மழை பெய்ததா?" என்று கேட்டான். ஊரைவிட்டு வந்து மூன்றாண்டாகிறதாம். இடையில் ஒரு முறையும் போகவில்லை. "வாரத்தில் எந்த நாள் உங்களுக்கு ஓய்வு?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய் வருவேன். ஓய்வு என்று தனியாக இல்லை" என்று சொல்லிக்கொண்டே அடுத்த மேசைக்கு நகர்ந்தான். அந்நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு தரவேண்டுமென்கிறது; 2023 முதல் வார வேலை நேரத்தையும் நாற்பத்தெட்டிலிருந்து நாற்பத்தைந்து மணியாகக் குறைத்திருக்கின்றது. இவற்றை மாமா மேசையிலிருந்தபடியே எனக்குச் சொன்னார். அவர் தொழிலாளர் சங்கத்தில் இருப்பவர். "சட்டம் எங்கள் ஆலை வாசல் வரையில் ஒழுங்காக வந்து சேர்கிறது. இப்படிப்பட்ட சமையலறைகளுக்குள் எல்லா இடத்திலும் அது நுழைவதில்லை" என்றார். புறப்படும்பொழுது அவ்விளைஞன் என் தேநீருக்குப் பணம் வாங்க மறுத்து, தானே கொடுத்துவிட்டதாகக் கூறினான். ஊர்க்காரனாம் நான்.

இனி, கர்த்தருடைய நாளைப் பற்றி வினவிய நண்பருக்கு வருகின்றேன். பாளையங்கோட்டையில் என் ஆச்சி ஞாயிற்றுக்கிழமையை ஆசரித்த முறையை நான் சிறுவயதில் கேலி செய்ததுண்டு. சனிக்கிழமை மாலையே மாவரைத்து, காய் நறுக்கி, தண்ணீர் நிரப்பி, துணி மடித்து வைத்துவிடுவாள். ஞாயிறன்று அடுப்பில் ஒரு முறைக்கு மேல் தீ மூட்டமாட்டாள். கடையில் ஒரு காசுக்கும் எதுவும் வாங்கவிடமாட்டாள். இதனைப் பழைய மிஷனெரிமாரின் கட்டுப்பாடு என்றே எண்ணியிருந்தேன். அன்று நாசி காண்டார்க் கடையை விட்டு வெளியே வந்து வெயிலில் நின்றபொழுது நினைவுக்கு வந்தது வேறொன்று. எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருபொழுதும் வந்ததில்லை! ஆச்சி சனிக்கிழமையில் அத்தனை பாடுபட்டது அந்த அம்மாளின் ஞாயிற்றுக்காகவும்தான். அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

ஓய்வுநாளைப் பற்றிய கட்டளையை நாம் யாவரும் மனப்பாடமாக அறிவோம். அஃது ஓய்வை வீட்டுத் தலைவனோடு நிறுத்தவில்லை; பணி செய்பவர், வீட்டு விலங்கு, ஊருக்குள் வந்து தங்கிய அயலான் வரை வரிசைப்படுத்திச் செல்கின்றது. அந்த அயலானை நான் ஒரு வசனத்தில் மட்டுமே கண்டிருந்தேன். அன்று அவன் எனக்குச் சோறு பரிமாறினான்.

ஆதலால் நண்பர் வினவியதில் ஒரு பாதி சரியே. ஆனால் கடைத்தெருவில் உலாவியது பிழையென்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆறு நாள் இயந்திர இரைச்சலில் நின்றவர் ஏழாம் நாள் மனைவி மக்களோடு மெல்ல உண்டு, மெல்ல நடந்து, மரநிழலில் அமர்வது ஓய்வுநாளுக்கு இழுக்காகாது. அவ்வாறு செய்ய இயலாமல் ஒருவன் நமக்கு உணவு கொண்டு வருவதும், அவனுக்கு வேறொரு நாளும் கிட்டாமற் போவதுமே இழுக்கு. அவன் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வதை நான் குறை கூறவில்லை. அவன் சமயத்தில் அந்நாளுக்குச் சிறப்புமில்லை. அவனுக்குத் திங்களோ செவ்வாயோ ஏதாவதொன்று வேண்டுமன்றோ?

கடல் கடந்து இதைச் சொல்வது எளிது. நம் விடுதியில் ஞாயிறு நண்பகலில் கோழிக் குழம்பு உண்டு. மாலையில் பலகாரம் உண்டு. இரவில் மூன்றாம் சமையலும் உண்டு. வாரத்தில் மிகுதியான வேலை சமையற்கட்டில் நடக்கும் நாள் நாம் ஆராதனை முடிந்து வந்து ஓய்ந்திருக்கும் நாளேயாகும். சமையற்காரர்கள் முறை மாற்றி ஓய்வெடுப்பதாகச் சொல்லப்படுகின்றது. நான் விசாரித்த இருவருக்கு அந்த மாதத்தில் முறை வரவில்லை. ஞாயிறு இரவுச் சமையலை நிறுத்திவிட்டு, நண்பகலிற் சமைத்ததையும் ரொட்டியையும் பழத்தையும் மாணாக்கர்களே எடுத்துப் பரிமாறிக்கொண்டு, பாத்திரங்களையும் தாங்களே துலக்கி வைத்தால், பிற்பகல் இரண்டு மணிக்குமேல் அடுப்படியில் ஒருவரும் இருக்கவேண்டியதில்லை. விடுதிக் குழுவின் முன்னர் இதனை நான் எழுத்து மூலம் வைத்திருக்கின்றேன். பதினொருவர் கையொப்பமிட்டனர். கோழிக் குழம்பில் கை வைக்கமாட்டேனென்று உறுதியளித்த பின்னரே அவர்களுள் நால்வர் இட்டனர் என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகின்றேன்.

அந்நாளின் எஞ்சிய பகுதியைச் சொல்லி முடிக்கின்றேன். உண்ட பிறகு வீடு சென்று உறங்கினோம். வெளிநாடு போய்ப் பகலில் உறங்கியதைக் கேட்டே நண்பர்கள் மிகுதியும் நகைத்தனர். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டியது. மாமா குறட்டை விட்டார். அத்தை என் அருகில் அமர்ந்து, ஊரில் யார் யார் இறந்தனர், யார் யார் வீடு கட்டினர், தாமிரபரணியில் இப்பொழுது எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்றெல்லாம் கேட்டுக்கொண்டேயிருந்தாள். தன் தெருவிலிருந்த வேம்பை வெட்டிவிட்டதை நான் சொன்னபொழுது, சிறிது நேரம் பேசவில்லை. இதையெல்லாம் தாளில் எந்த இடத்திற் குறிப்பது?

மாலையில் கடற்கரைக்குப் போனோம். போகும் வழியில் விக்டோரியா அரசியாரின் அறுபதாண்டு ஆட்சிக்கு நினைவாக, ஆண்டுக்கு ஓர் அடி வீதம் அறுபதடி உயரத்தில் எழுப்பிய மணிக்கூண்டைக் கண்டோம். "நான் அந்த ஆலையில் வேலை செய்த ஆண்டுகளுக்கு அடி வீதம் கட்டினால் நம் வீட்டு மாடிக்கு மேல் வரும்" என்றார் மாமா. கர்னி சாலையின் ஓரத்தில் அமர்ந்து 'பசம்போர்' உண்டோம்: நறுக்கிய வெள்ளரி, உருளைக்கிழங்கு, வடை போன்ற பொரியல்கள், எல்லாவற்றின்மேலும் இனிப்பும் உறைப்புமான கெட்டிக் குழம்பு. எங்கள் மேசையைத் துடைத்தது ஒரு முதிய சீனப் பெண்மணி. மாமா எழுந்து தட்டுகளைத் தாமே அடுக்கிக் கழுவுமிடத்திற்குக் கொண்டுபோய் வைத்தார். நானும் எழுந்தேன். அவர் அதனை எந்த நாளும் செய்வாரென்று சிறுவன் சொன்னான்.

மறுநாள் விடியற்காலை, இருள் பிரியுமுன், கதவோசை கேட்டு விழித்தேன். ஆலைப் பேருந்து ஐந்தரை மணிக்குத் தெருமுனைக்கு வந்துவிடும். மாமா சீருடையணிந்து, கையில் உணவுப் பெட்டியுடன் காலணிக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார். நான் விழித்ததைக் கண்டு சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, நேற்றைய சட்டையிலேயே என் தாள் தங்கிவிட்டதென்று கூறி நகைத்தார்.

"மலைக்கு அடுத்த முறை போவோம், மருமகனே" என்று சொல்லிவிட்டு, கதவை ஓசையெழாமற் சாத்திக்கொண்டு போனார்.